புதுச்சேரிக்குத் தனியா போறீங்களா? பீச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க

புதுச்சேரிக்கு ஒரு வீக்கெண்ட் தனியா போயிட்டு வந்ததுல எனக்குப் போனது 21,000 ரூபாய் போன், அதுக்கு மேல கைக்காசு ஒரு ஏழாயிரம், அப்புறம் ஊருக்கு வந்த பிறகும் ஒரு வாரத்துக்கு சரியான தூக்கம் இல்ல. இது நடந்தப்ப என் கூட யாரும் இல்ல, யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல. போறதுக்கு முன்னாடி நானும் எல்லாரையும் மாதிரி வீடியோவா பாத்துத் தள்ளினேன், எந்த கஃபேல என்ன சாப்பிடணும், எந்த மஞ்ச சுவரு முன்னாடி நின்னா போட்டோ நல்லா வரும்னு சொல்றவங்கதான் அத்தனை பேரும். பீச்சுல பொருள் திருடு போனா எந்த ஸ்டேஷனுக்குப் போகணும், வண்டி வாடகைக்கு எடுக்கறப்ப நம்பர் பிளேட்ட ஏன் பாக்கணும்னு ஒருத்தரும் சொல்லல. அதனாலதான் உக்காந்து இதை எழுதறேன், குறிப்பா தனியா கெளம்பற பொண்ணுங்களுக்கு.

எனக்கு ஊரு தஞ்சாவூர், ஒரு தனியார் காலேஜ்ல ஆபீஸ் வேலை. போன வருஷம் முழுக்க வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு பிரச்சனை, கொஞ்சம் கடல பாத்துட்டு உக்காந்திருக்கணும்னு மனசு கெடந்து தவிச்சுச்சு, அம்மாகிட்ட சண்டை போட்டு பர்மிஷன் வாங்கி கெளம்பிட்டேன். கும்பகோணம், சிதம்பரம், கடலூர் வழியா பஸ்சு. கடலூர் மஞ்சக்குப்பத்துலதான் எங்க சித்தி வீடு, ஆனா தனியா இருக்கணும்னுதானே போறோம்னு எறங்காமயே போயிட்டேன். சனி ஞாயிறுல ரூம் வாடகை கிட்டத்தட்ட டபுள்னு அங்க போனதும்தான் தெரிஞ்சுது, வாரநாள்ல லீவு கெடைக்கும்னா வாரநாள்லயே போங்க, பாதி காசு அங்கயே மிச்சம். பஸ் ஸ்டாண்டுல ஆட்டோவுக்கு மீட்டர்னு ஒண்ணு பேச்சுக்குக்கூட இல்ல, முன்னாடியே ரேட் பேசிட்டுத்தான் ஏறணும்.

முதல் நாள் காலைல நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லணும். விடிய முன்னாடியே எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போனேன், சாயந்தரம் ஆறு மணிலேர்ந்து காலைல ஏழரை வரைக்கும் அங்க வண்டி விடமாட்டாங்க, ரோடு முழுக்க நடக்கறவங்களுக்குத்தான். காந்தி சிலை, அதைச் சுத்தி செஞ்சிலேர்ந்து கொண்டாந்த கல்தூண், கொஞ்சம் தள்ளி 1836ல கட்டின பழைய லைட்ஹவுஸ். ஆனா கடல்ல எறங்கலாம்னு நெனச்சுப் போனீங்கன்னா ஏமாந்துருவீங்க, அங்க முக்காவாசி இடத்துல கருங்கல்லுதான். முன்னாடி அங்க நல்ல அகலமா மணல் இருந்துச்சாம். 1980கள்ல அரியாங்குப்பம் ஆத்து முகத்துவாரத்துல துறைமுகம் கட்டினாங்க, நம்ம கிழக்குக் கரைல வருஷத்துல பெரும்பாலான மாசம் மணல் தெக்கேருந்து வடக்கா நகந்துட்டே இருக்கும், அந்த துறைமுகச் சுவரு குறுக்க நின்னதும் தெக்குப் பக்கம் மணல் குவிஞ்சு வடக்குப் பக்கம் கரை கரைஞ்சே போச்சு. அப்புறம் ஊரக் காப்பாத்தக் கல்லு கொட்டினாங்க. 2018 வாக்குல சென்னைல இருக்கற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி) காரங்க தண்ணிக்கடியில பெரிய இரும்பு ஆப்பு மாதிரி ஒண்ணு வச்ச பிறகு தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. இதை நான் சும்மா சொல்லல. டவுன்ல குளிக்கற மாதிரி பீச் பெருசா இல்லாததாலதான் எல்லாரும் வண்டி எடுத்துக்கிட்டு வெளிய இருக்கற பீச்சுக்கு ஓடறாங்க, பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

வண்டி வாடகை. ஒரு நாளைக்கு 500 ரூபாய், டெபாசிட் 2,000, அதுக்கு மேல லைசென்ஸ் ஒரிஜினல வாங்கி வச்சுக்கிட்டாங்க. "எல்லாருக்கும் இதாங்க ரூல், வண்டி விடறப்ப கையோட வாங்கிக்கலாம்" அப்படின்னாரு கடைக்காரரு. அந்தத் தெருவுல கேட்ட எல்லா கடையிலயும் இதே பதில்தான், அதனால குடுத்தேன். வண்டில ஏற்கனவே இருந்த கீறல் எல்லாம் தெளிவா வீடியோ எடுத்தேன். நம்பர் பிளேட் வெள்ளைல கறுப்பு எழுத்து. நம்ம வீட்டு வண்டி மாதிரியே இருக்கேன்னு பாத்தேனே தவிர அதுல விஷயம் இருக்குன்னு எனக்கு யாரும் சொன்னதில்ல. நாமளே ஓட்டற வாடகை வண்டிக்கு கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை பிளேட்னா அது சொந்த உபயோக வண்டி, அதை வாடகைக்கு விடறதே சட்டப்படி தப்பு, ஏதாவது ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கையை விரிச்சிரும். கறுப்பு பிளேட் வண்டி நூறு ரூபாய் அதிகம்னாலும் அதையே எடுங்க. லைசென்ஸ் ஒரிஜினல் குடுக்கவே குடுக்காதீங்க, காலேஜ் ஐடி, ஆபீஸ் ஐடின்னு வேற எதையாவது குடுத்துப் பேசிப் பாருங்க, இல்லன்னா டெபாசிட்ட கூட்டிக் குடுங்க. வீடியோ எடுத்ததும் அங்கயே நின்னு வீட்டுல யாருக்காவது வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க. எனக்கு அந்த வீடியோ போனோடவே போயிருச்சு.

மத்தியானம் சாப்பிட்டுட்டு செரினிட்டி பீச்சுக்குக் கெளம்பினேன். ஈ.சி.ஆர்ல வடக்கால அஞ்சாறு கிலோமீட்டர், தந்திராயன்குப்பம். பேரு வெளியூர்க்காரங்களுக்காக வச்ச மாதிரி இருந்தாலும் அது ஒரு மீனவ கிராமம், படகு, வலை, கருவாடு காயற வாசனை எல்லாம் அப்படியே இருக்கும். டவுன்ல கல்லு கொட்டினதுக்கப்புறம் அரிப்பு இங்க வடக்கால நகந்து வந்துருச்சு, அதனால இங்கயும் கடலுக்குள்ள நீளமா கல்லு போட்டிருக்காங்க. அந்தக் கல்லு ஓரமா தண்ணி அமைதியாத் தெரிஞ்சுது, அலை உடையல, அதனால அங்க போய் முட்டி ஆழத்துல நின்னேன். காலுக்கடியில மணல் சரசரன்னு ஓட ஆரம்பிச்சுது, பிடிச்சு நிக்கவே முடியல. கரையில கருவாடு திருப்பிட்டிருந்த ஒரு அம்மா "பாப்பா, அங்க நிக்காத, கல்லு ஓரம் இழுக்கும், இப்படி வா, இப்படி வா"ன்னு கத்தினாங்க. அலை உடையாம அமைதியா இருக்கற இடத்துலதான் தண்ணி திரும்பி உள்ள போகுமாம், பாக்க நல்லாருக்கும், இழுத்துட்டுப் போயிரும்னாங்க. அப்படி இழுத்துச்சுன்னா கரையப் பாத்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு நீளவாக்குல பக்கவாட்டுல போய் இழுப்ப விட்டு வெளிய வந்த பிறகுதான் கரைக்குத் திரும்பணும், முடியலன்னா மிதந்துக்கிட்டே கையத் தூக்கிக் கூப்பிடணும். காத்து மழை எதுவுமே இல்லாத நாள்ல கூட எங்கயோ தூரத்துல கெளம்பின அலை இங்க வந்து ஏறும், கள்ளக்கடல்னு எச்சரிக்கை குடுப்பாங்க, நியூஸ்ல அந்த வார்த்தை வந்துச்சுன்னா அன்னிக்கு தண்ணில கால் வைக்காதீங்க. கடலோரக் காவல் நம்பர் 1093, இதை போன்ல மட்டும் இல்லாம மனசுலயும் வச்சுக்கங்க.

தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி போன், பர்ஸ் ரெண்டையும் ஸ்கூட்டர் சீட்டுக்கடியில டிக்கில வச்சு பூட்டிட்டு சாவிய துப்பட்டால முடிஞ்சு வச்சிருந்தேன். தனியா போறவங்க வேற எங்க வைப்பாங்க, சொல்லுங்க. திரும்பி வந்து சீட்ட தொறந்தா ரெயின்கோட் மட்டும் கெடக்கு. பூட்டு உடையல. குனிஞ்சு பாத்தப்பதான் சீட்டோட இடது பக்க ஓரத்துல கறுப்பு பிளாஸ்டிக் விளிம்பு வளைஞ்சு, ஒரு எடத்துல வெள்ளையா கோடு விட்டிருந்துச்சு, அது மேல ஈர மணல் ஒட்டியிருந்துச்சு. சீட்ட ஒரு பக்கமா பலமா தூக்கிப் பிடிச்சா கை போற அளவு இடைவெளி விடுமாம், பூட்ட தொடவே வேண்டாமாம். எனக்கு கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு. அழுகை கூட வரல, தொண்டை அடைச்சுக்கிட்டு நின்னேன். அந்த வெயில்ல அத்தனை பேரு சிரிச்சுக்கிட்டு செல்ஃபி எடுத்துட்டிருக்காங்க, எனக்கு யார் மூஞ்சியப் பாத்தாலும் இவங்களா இருக்குமோன்னு தோணுது.

கருவாடு காய வச்ச அந்த அம்மாதான் மறுபடியும் வந்தாங்க, அவங்க மகன்கிட்ட போன வாங்கிக் குடுத்தாங்க. யாருக்குப் போடறது? எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் அம்மாவோடது. அம்மா பதறி, அப்புறம் தம்பி வாங்கிப் பேசினான். அவன் செஞ்சதுதான் சரியான வரிசை, நீங்களும் இதையே செய்யுங்க. முதல்ல சிம் கம்பெனிக்குப் போன் பண்ணி சிம்ம பிளாக் பண்ணான். போன் லாக்ல இருந்தாலும் சிம்ம உருவி வேற போன்ல போட்டா ஓ.டி.பி எல்லாம் திருடனுக்குத்தானே போகும், அதனால முதல்ல சிம். அடுத்து பேங்க் ஹெல்ப்லைன்ல சொல்லி யு.பி.ஐ, ஏ.டி.எம் கார்டு ரெண்டையும் நிறுத்தினான். என் அக்கவுண்ட்லேர்ந்து காசு போகல, போயிருந்தா உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிச்சிருக்கணும். இன்னொண்ணு, போன் செட்டிங்ஸ்ல சிம் லாக்னு ஒண்ணு இருக்கு, பின் நம்பர் போட்டு வச்சுட்டா வேற போன்ல சிம் வேலை செய்யாது. இன்னிக்கே போட்டு வைங்க.

அப்புறம்தான் பெரிய அலைச்சல். புதுச்சேரிக்கு வந்தோம், புதுச்சேரில திருடு போச்சுன்னு நெனச்சு டவுன்ல ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். சனிக்கிழமை சாயந்தர டிராஃபிக், கண்ணு கலங்கிக்கிட்டே ஓட்டறேன். அங்க ரொம்ப நேரம் பெஞ்சுல உக்கார வச்சிட்டு "எந்த பீச்சும்மா? அது தமிழ்நாடு லிமிட், எங்களால எழுத முடியாது, அந்தப் பக்கம் போங்க. தொலைஞ்சு போச்சுன்னு ஆன்லைன்ல போட்டாலே போதும்" அப்படின்னுட்டாங்க. உண்மைதான், செரினிட்டி பீச் இருக்கறது விழுப்புரம் மாவட்டம். ஆரோ பீச்சும் தமிழ்நாடுதான். பாரடைஸ் பீச், வீராம்பட்டினம், ஈடன் பீச் எல்லாம் புதுச்சேரி. போர்டு எதுவும் பெருசா இல்லாம ரோட்டுல போறப்பவே ஸ்டேட் மாறிரும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனா எனக்கு அப்புறம் எங்க பெரியப்பா மகன், வக்கீல், சொன்னது என்னன்னா, 2024 ஜூலை 1 லேர்ந்து வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்) 173வது பிரிவுப்படி குற்றம் எந்த ஏரியால நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், அவங்க ஜீரோ எஃப்.ஐ.ஆர் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும். இந்த ஒரு வரி அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த இருட்டுல ஈ.சி.ஆர்ல மறுபடியும் தனியா ஓட்டியிருக்க மாட்டேன். இதை மரியாதையா, ஆனா விடாம கேளுங்க. இன்னொண்ணு, திருடு போனதுன்னா திருடு போச்சுன்னே எழுதுங்க, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தா பின்னாடி இன்சூரன்ஸ் கேக்கறப்ப சிக்கல் ஆகும்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஸ்டேஷன்ல இருந்த பெண் காவலர் ஒருத்தங்கள நான் மறக்கவே மாட்டேன். தண்ணி குடுத்து உக்கார வச்சு, "அழாதம்மா, முதல்ல எழுது"ன்னு பேப்பர் குடுத்தாங்க, புகார் வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர்னு ஒரு ரசீதும் போட்டுக் குடுத்தாங்க. புகார்ல ஐ.எம்.இ.ஐ நம்பர், அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர், எழுதணும், அது தெரியணுமே. தம்பி போன் வாங்கின அட்டைப்பெட்டிய பரண்லேர்ந்து எடுத்து நம்பரப் படிச்சு சொன்னான். பெட்டி இல்லாதவங்க இப்பவே *#06# அடிச்சு வர்ற நம்பர ஒரு டைரில எழுதி வைங்க.

ரூமுக்கு வந்தா அடுத்த கவலை, மிச்ச வாடகை 1,400 குடுக்கணும், கையில காசு இல்ல. பை அடியில அம்மா மடிச்சு வச்ச 500 ரூபாய் நோட்டு ஒண்ணு இருந்துச்சு, அன்னிக்கு அதைப் பாத்தப்பதான் அழுகையே வந்துச்சு. ரூம்காரரோட நம்பருக்கு தம்பியே தஞ்சாவூர்லேர்ந்து பணம் போட்டுட்டான். மறுநாள் காலைல தெருமுனைல பெட்டிக்கடைக்காரர் நம்பருக்கு அவன் ஆயிரம் அனுப்ப, அவரு அதைக் கையில காசா குடுத்தாரு, கமிஷன்னு ஒரு ரூபாய் கூட எடுத்துக்கல. இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. தனியா போறப்ப கொஞ்சம் காசை ரூம்ல ஒரு எடத்துல, கொஞ்சம் பைல ஒரு எடத்துலன்னு பிரிச்சு வைங்க. ரெண்டு மூணு போன் நம்பர், ரூம் அட்ரஸ் எல்லாம் பேப்பர்ல எழுதி வைங்க.

ஞாயித்துக்கிழமை வண்டிய விடப் போனா கடைக்காரரு சீட் ஓரம் வளைஞ்சதப் பாத்துட்டு டெபாசிட் 2,000 போக இன்னும் 1,500 கேட்டாரு, லேட்டுக்கு ஒரு நாள் வாடகை வேற. திருடன் பண்ணதுக்கு நான் ஏன்ங்க குடுக்கணும்னு கேட்டேன், லைசென்ஸ் அவரு டிராயர்லதானே இருக்கு, பேச்சு எடுபடல. சி.எஸ்.ஆர் ரசீத காட்டினதும் கொஞ்சம் குறைச்சாரு. அந்தக் காசும் தம்பிதான் அனுப்பினான். காந்தி ரோட்டுல ஞாயித்துக்கிழமை சந்தை, ஒரே கூட்டம், துணிக்கடை துணிக்கடையா எல்லாரும் பேரம் பேசிட்டிருக்காங்க, நான் அதுக்கு நடுவுல சிம் கடை ஏதாவது தொறந்திருக்கான்னு தேடி அலைஞ்சேன். ஒண்ணும் நடக்கல. நேரா பஸ்ஸ பிடிச்சு கடலூர் போயிட்டேன். அரியாங்குப்பம், நோணாங்குப்பம் பாலம், சுண்ணாம்பாறு போட் ஹவுஸ் எல்லாம் ஜன்னல்ல போச்சு, அங்க போட்ல ஏறி பாரடைஸ் பீச்சுக்குப் போகத்தான் திட்டம் போட்டிருந்தேன். அங்க போறவங்க திரும்பற கடைசி போட் எத்தனை மணிக்குன்னு ஏறறப்பவே கேட்டுக்கங்க.

சித்தி கதவைத் தொறந்ததும் "ஏண்டி, போறப்ப இந்த வழியாத்தானே போன, எட்டிப் பாத்தியாடி?"ன்னு ஆரம்பிச்சவங்க என் மூஞ்சியப் பாத்ததும் நிறுத்திட்டாங்க. சோறு போட்டு, வஞ்சிர மீன் குழம்பு ஊத்தி, சாயந்தரம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு கூட்டிட்டுப் போனாங்க. அகலமான மணல், உள்ளூர் குடும்பங்க, மாங்கா, சுண்டல், மிளகாய் பஜ்ஜி. பக்கத்துலயே புனித டேவிட் கோட்டை இடிஞ்சு கெடக்கு. 1690ல மராத்தியர்கிட்டேர்ந்து கம்பெனிக்காரங்க வாங்கினது, பீரங்கில சுட்டு குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் ஊரெல்லாம் அவங்களுக்குன்னு ஒப்பந்தமாம், 1758ல பிரெஞ்சுக்காரங்க வந்து இடிச்சுட்டாங்க. புதுச்சேரில செவத்துக்கு பெயின்ட் அடிச்சு பாதுகாக்கறாங்க, இங்க இவ்ளோ பெரிய சரித்திரம் முள்ளுச்செடிக்குள்ள கெடக்குதேன்னு எனக்கு வருத்தமா இருந்துச்சு. 2004 சுனாமில இந்த ஊரு பட்ட பாட்ட சித்தி சொல்லிட்டே வந்தாங்க, என்னை கணுக்காலுக்கு மேல தண்ணில விடவே இல்ல. செலவுன்னு பாத்தா ரெண்டு பேருக்கும் சேத்து நூறு ரூபாய் ஆகல. குழந்தைங்கள, வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க ரூம கடலூர்ல போட்டுட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு பஸ் இருக்கு, புதுச்சேரிய பகல்ல சுத்திட்டு வந்துரலாம். நான் அடுத்த தடவை அப்படித்தான் பண்ணுவேன்.

திங்கக்கிழமை கடலூர்ல சிம் கம்பெனியோட சொந்த கடைல ஆதார் நம்பர சொல்லி விரல் வச்சு டூப்ளிகேட் சிம் வாங்கினேன், சித்தியோட பழைய பட்டன் போன்ல போட்டேன். உடனே எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன், ஓ.டி.பி வரவே இல்ல. புது சிம் மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ் வராது, நம்ம பாதுகாப்புக்காகத்தான் அப்படி வச்சிருக்காங்க, ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா பயந்திருக்க மாட்டேன். அதுக்கேத்த மாதிரி ஒரு நாள் கைக்காசு வச்சுக்கங்க. அப்புறம் தம்பி லேப்டாப்ல, திருடு போன போன பிளாக் பண்றதுக்குன்னு மத்திய அரசு வச்சிருக்கற சி.இ.ஐ.ஆர் சைட்ல போலீஸ் ரசீது, பில்லு, ஐ.எம்.இ.ஐ நம்பர் எல்லாம் போட்டு போன பிளாக் பண்ணான், இனிமே அதுல யாரு சிம் போட்டாலும் இந்தியால நெட்வொர்க் எடுக்காது, போட முயற்சி பண்ணா தகவல் போகும். ஒரு ரெக்வெஸ்ட் நம்பர் வரும், அதையும் எழுதி வைங்க, போன் கெடைச்சா அன்பிளாக் பண்ண அதுதான் வேணும்.

நேத்து வரைக்கும் பிளாக்டுன்னுதான் காட்டுது. கெடைச்சா புகார் குடுத்த ஸ்டேஷன்லயே நேர்ல வந்து வாங்கிக்கணும்னு அந்த பெண் காவலர் சொன்னாங்க. கெடைச்சாலும் கெடைக்கலன்னாலும் ஜனவரில போறதா இருக்கேன், சித்தியும் வர்றேன்னிருக்காங்க, வீராம்பட்டினமும் அரிக்கமேடும் நான் இன்னும் பாக்கல.